திருகோணமலையை ஆய்வுக்களமாக எடுக்கும் முதுமாணி மாணவருக்கு: கொப்பர்னிக்கஸ் காலநிலைத் தரவுக் களஞ்சியம் பற்றி ஒரு மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தைக் களமாக வைத்துக் காலநிலை மாற்றத்தில் முதுமாணி ஆய்வு செய்யப் புறப்படுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது தரவுப் பற்றாக்குறையோடுதான். சர்வதேச இலக்கம் 43418 கொண்ட திருகோணமலை அவதானிப்பு நிலையம் இருக்கிறது. குளக்கட்டுகளிலும் விவசாய நிலையங்களிலும் மழைமானிகள் இருக்கின்றன. ஆனால் போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கின் பல மழைமானிப் பதிவுகள் இடையிடையே அறுந்துபோயின. அந்த ஓட்டையை அடைக்கப் பெரும்பாலானோர் போவது கொப்பர்னிக்கஸ் காலநிலைத் தரவுக் களஞ்சியத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் இது. நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் இதை நடத்துகிறது. 2018இல் திறந்தார்கள், 2024 செப்டெம்பரில் பழைய தளத்தை மூடிப் புதியதுக்கு மாறினார்கள். ஒரு சதம் கட்டணமில்லை.

தீர்ப்பை முன்னமே சொல்லிவிடலாம். வெப்பநிலை, காற்று, அழுத்தம், ஈரப்பதன் என்பவற்றில் ஒரு மாணவருக்கு இலவசமாகக் கிடைக்கக்கூடியவற்றுள் இதற்கு மேல் ஒன்றில்லை. மழைவீழ்ச்சியில் இதை மட்டும் நம்பித் திருகோணமலை பற்றி ஓர் ஆய்வேடு எழுதக்கூடாது. இரண்டுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரியாமல் தரவை இறக்கினால், எண்கள் அழகாக வரும், முடிவு பிழைத்துவிடும்.

முதலில் உள்ளே நுழைகிற வழி. மையத்தின் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறக்கவேண்டும். பிறகு நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு தரவுத்தொகுதியின் தரவிறக்கப் பக்கத்திலும் அடியில் உள்ள உரிம நிபந்தனையைத் தனித்தனியே ஏற்கவேண்டும். இதைச் செய்யாமல் பைதன் நிரல் வழியாகக் கோரிக்கை அனுப்பினால் 403 என்ற பிழையோடு திரும்பி வரும். கடவுச்சாவி (நிரலுக்கு உங்கள் கணக்கை அடையாளம் காட்டத் தளம் தரும் எழுத்துத்தொடர்) பிழை என்று நினைத்துப் பலர் நாள் முழுக்க அங்கேயே நிற்கிறார்கள். கடவுச்சாவியை உங்கள் பயனர் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள சிறு கோப்பில் இரண்டு வரியாக எழுதவேண்டும்: முதல் வரி தள முகவரி, இரண்டாவது சாவி. விண்டோஸில் நோட்பேட் கொண்டு சேமித்தால் பெயரின் வாலில் "டிஎக்ஸ்டி" என்று தானாக ஒட்டிக்கொள்ளும். நிரல் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். சேமிக்கும்போது "எல்லாக் கோப்புகளும்" என்ற தெரிவை எடுத்தால் தீரும். இணையத்தில் கிடக்கும் 2024க்கு முந்திய வழிகாட்டிகள் பயனர் இலக்கத்தையும் சாவியையும் முக்காற்புள்ளியால் சேர்த்து எழுதச் சொல்கின்றன. புதிய தளத்தில் அது செல்லாது. சாவி மட்டும் போதும். தளத்தோடு பேசும் பைதன் நூலகமும் புதிய பதிப்பாக இருக்கவேண்டும்.

களஞ்சியத்தின் பெரிய சொத்து ஈஆர்ஏ5. கப்பல், பலூன், நிலையம், செய்மதி என்று கிடைத்த அவதானிப்புகளை எல்லாம் ஒரு வானிலை மாதிரிக்குள் ஊட்டி, 1940 முதல் இன்றுவரை மணிக்கு மணி வளிமண்டலத்தைத் திரும்பக் கட்டியெழுப்பிய தரவு அது. கட்ட இடைவெளி 0.25 பாகை, நம் அகலாங்கில் ஏறக்குறைய 28 கிலோமீற்றர். முதற்கட்டத் தரவு சுமார் ஐந்து நாள் தாமதத்தில் வருகிறது. சரிபார்த்த இறுதித் தரவு இரண்டு மூன்று மாதம் கழித்து அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஆகவே அண்மைய மாதங்களைச் சேர்க்கிறவர்கள் எந்தத் திகதியில் தரவிறக்கினார்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதத்தான் வேண்டும்.

கோரிக்கையில் மறக்கவே கூடாதது பரப்பெல்லை. வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்ற ஒழுங்கில் 9, 80.75, 8.25, 81.5 என்று கொடுத்தால் மாவட்டத்தின் பெரும்பகுதி 4 பெருக்கல் 4 என்று 16 புள்ளிகளுக்குள் வந்துவிடும். ஒரு மாறிக்கு ஒரு வருடத்து மணித்தரவு ஒரு மெகாபைட்டைத் தொடாது. எல்லை கொடுக்க மறந்தால் உலகம் முழுவதற்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். அதே ஒரு வருடம் 36 ஜிகாபைட் அளவுக்குப் போகும். பெரும்பாலும் கோரிக்கை மிகப் பெரிது என்று தளமே நிராகரிக்கும். தொலைபேசி டேட்டாவில் வேலை செய்கிற மாணவருக்கு இந்த ஒற்றை வரிதான் வித்தியாசம்.

வரிசையில் காத்திருப்பதும் இந்தச் சேவையின் பகுதிதான். உலகம் முழுக்க ஒரே வாசலில் நிற்கிறது. ஒரு கோரிக்கை சில நிமிடத்தில் முடியும், இன்னொன்று மணிக்கணக்கில் கிடக்கும். வருடம் வருடமாக வெட்டி அனுப்புங்கள். இடையில் ஒன்று அறுந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்கலாம். கோரிக்கையை அனுப்பிவிட்டுக் கணினியை மூடினாலும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும். தளத்தில் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் முடிந்த கோப்பு காத்திருக்கும். ஒரே புள்ளிக்கு நீண்ட காலத் தொடர் மட்டும் வேண்டுமானால், அதற்கென்றே நேரத்தொடர் வடிவில் இன்னொரு ஈஆர்ஏ5 தொகுதி வைத்திருக்கிறார்கள். மாறிகள் குறைவு, ஆனால் வேகம் அதிகம்.

இறங்கிய கோப்பு திறக்க மறுப்பது அடுத்த புகார். வெப்பநிலையையும் மழையையும் ஒரே கோரிக்கையில் கேட்டால், ஒன்று கணநேர அளவு, மற்றது திரண்ட அளவு என்பதால், புதிய தளம் இரண்டு நெட்சிடிஎஃப் (காலநிலைத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளை ஒரு ஸிப்புக்குள் போட்டு அனுப்புகிறது. நீங்கள் சேமித்த பெயர் நெட்சிடிஎஃப் என்றிருக்கும், உள்ளே இருப்பது ஸிப். கோப்பைத் திறக்கும் எக்ஸ்அரே என்ற பைதன் நூலகம் "தெரியாத வடிவம்" என்று சொன்னால் பெயரை மாற்றி விரித்துப் பாருங்கள். நேரப் பரிமாணத்தின் பெயரும் பழைய கோப்புகளில் இருந்தது போல் இல்லை. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய நிரல்கள் அந்த வரியில் விழும்.

இனித் திருகோணமலைக்கே உரிய சிக்கல். நகரம் வடக்கு 8.57, கிழக்கு 81.23. ஈஆர்ஏ5இல் இதற்கு மிகக் கிட்டிய புள்ளி 8.5, 81.25. வரைபடத்தில் குத்திப் பாருங்கள்: அது கொட்டியாரக்குடாவுக்குள் விழுகிறது. மாதிரி அந்தப் பெட்டியை நிலமும் கடலும் கலந்த ஒன்றாகவே பார்க்கிறது. கடல் பகலில் மெதுவாகச் சூடேறி இரவில் மெதுவாக ஆறும். அதனால் அந்தப் புள்ளியின் உச்ச வெப்பநிலை அமுங்கியும் இரவு வெப்பநிலை சற்று உயர்ந்தும் நிற்கும். யூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மலைநாட்டைத் தாண்டி இறங்கி, காய்ந்து, நிலமெல்லாம் தீய்க்கிற நாட்களை ஆராய்கிறவருக்கு இது பெரிய இழப்பு. "கிட்டிய புள்ளி" என்று நிரலில் ஒரே வரி எழுதிவிட்டால் கணினி குடாவைத்தான் எடுக்கும், எச்சரிக்காது. ஒரே புள்ளி தரும் நேரத்தொடர்த் தொகுதியிலும் இதே ஆபத்து.

என்ன செய்யலாம்? நிலம்-கடல் முகமூடி என்ற மாறியையும் சேர்த்து இறக்குங்கள். 0 என்றால் முழுக் கடல், 1 என்றால் முழு நிலம். மதிப்பு 0.5க்கு மேலுள்ள புள்ளிகளில் நகரத்துக்குக் கிட்டியதை எடுத்து, அதை ஏன் எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுங்கள். கந்தளாய்க்கு வடக்கே விழும் 8.5, 81.0 உள்நாட்டைக் காட்டும் நல்ல புள்ளி. கரையோரத்துக்கு ஈஆர்ஏ5-லாண்ட் பார்க்கலாம்: 1950 முதல், 0.1 பாகைக் கட்டம், நிலத்துக்கு மட்டும். அதில் 8.6, 81.2 உப்புவெளிப் பக்கம் விழும். கரையோரப் பெட்டி சில வெற்றாக வரும். கணக்குத் தொடங்கமுன் ஒரு நாளை வரைபடமாக வரைந்து பார்த்துவிடுவது நல்லது. ஒன்றை மறக்கவேண்டாம்: கட்டம் சிறியது என்பதற்காக அதன் மழை கூடுதல் துல்லியமாகிவிடாது. லாண்டுக்கு ஊட்டப்படும் மழை ஈஆர்ஏ5இன் மழையேதான், இடைக்கணித்துச் சிறு கட்டத்தில் போட்டது.

மழைக்கு வந்தால், அலகிலேயே மூன்று இடத்தில் கால் இடறும். ஈஆர்ஏ5இல் மழை மீற்றரில் இருக்கும். 1000ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர். மணித்தரவில் 03 என்ற முத்திரை 02 முதல் 03 வரை விழுந்ததைக் குறிக்கும். ஈஆர்ஏ5-லாண்டிலோ 00 மணியிலிருந்து அந்த மணிவரை திரண்ட மொத்தம் இருக்கும். முழு நாளின் மழை மறுநாள் 00 முத்திரையில் இருக்கும். இதைத் தெரியாமல் 24 மணியையும் கூட்டினால் மழை பல மடங்காக ஊதும். மூன்றாவது, மாதச் சராசரித் தொகுதி. அதில் இருப்பது மாத மொத்தம் அல்ல, நாளொன்றுக்கான சராசரி. நவம்பருக்கு 0.012 என்று கண்டால் அது 12 மில்லிமீற்றர் அல்ல. 1000ஆலும் 30ஆலும் பெருக்கி 360 மில்லிமீற்றர். வருட மழையில் ஏறக்குறையப் பாதியை நவம்பர், டிசெம்பர் இரண்டு மாதத்தில் பெறுகிற ஊருக்கு இந்தப் பிழை உடனே கண்ணில் குத்தும், பார்த்தால்.

நாள் எல்லையும் அதே அளவுக்கு முக்கியம். நம் மழைமானிகளைக் காலை 8.30க்கு வாசிக்கிறார்கள், அது உலகப் பொது நேரத்தில் சரியாக 03 மணி. இது அதிட்டம், ஏனென்றால் மணித்தரவோடு நேராகப் பொருந்துகிறது. முதல் நாள் 04 முதல் இன்று 03 வரையுள்ள 24 முத்திரைகளைக் கூட்டினால் இன்று காலை வாசித்த மழைக்கு நேர். அதை விட்டு உலகப் பொது நேர நாளை எடுத்தால் வாடை மழை இரவில் கொட்டுகிற நாட்களில் ஒரே மழை இரண்டு நாளுக்குப் பிரிந்துபோய், நிலையத்தோடு உள்ள இயைபு வீணாகக் குறையும். களஞ்சியத்தில் நாட்சராசரி ஆயத்தமாகத் தரும் தொகுதியும் உண்டு. ஆனால் அங்கே நேர வலயத்தை முழு மணிகளாகவே தெரிவுசெய்யலாம், நமக்குத் தேவையான ஐந்தரை அதில் இல்லை. வெப்பநிலைக்கு அரை மணி பெரிதல்ல. மழைக்கு மணித்தரவை எடுத்து நீங்களே கூட்டுவதுதான் சரி. இன்னொன்று: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் முன்தள்ளி இருந்தது. முதலில் ஆறரை மணி, அதே வருட ஒக்டோபரிலிருந்து ஆறு மணி வித்தியாசம். கையால் எழுதிய பழைய மழைப் புத்தகங்களைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பத்து வருடத்துக்கும் வாசித்த நேரத்தைக் கேட்டுத் தெளியவேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் மழை ஏன் நம்பகமில்லை? 28 கிலோமீற்றர் பெட்டிக்குள் ஓர் இடிமழை முகில் முழுதாக அடங்கிவிடும். மாதிரி அதை நேரடியாகக் காணாது, பெட்டி முழுவதற்கும் சராசரியாக ஊகிக்கும். விளைவு: தூறல் நாட்கள் மிகை, கொட்டும் மழை குறை. ஈர நாள் என்பதற்கு 1 மில்லிமீற்றர் வரம்பு வைத்தே எண்ணுங்கள்; பூச்சியத்துக்கு மேற்பட்டதை எல்லாம் எண்ணினால் கோடையிலும் பாதி மாதம் மழை பெய்ததாக வரும். ஒருநாள் அதிகூடிய மழை, தொடர்ச்சியான வரண்ட நாட்கள் போன்ற சுட்டிகளை இதிலிருந்து மட்டும் கணித்து வெள்ள அபாயம் பேசுவது தவறு. பக்கத்தில் சேர்ப்ஸ் என்ற செய்மதிவழி மழைத் தரவை வைத்துப் பாருங்கள்: 1981 முதல், 0.05 பாகை. அல்லது நாசாவின் செய்மதி மழைத் தரவான ஐமேர்க்: 0.1 பாகை, அரை மணிக்கு ஒன்று. சேர்ப்ஸ் நிலைய மழையையும் உள்வாங்குவதால், அதில் ஏற்கெனவே கலந்த நிலையத்தைக் கொண்டே அதன் திறமையை நிரூபித்தால் அது நிரூபணம் ஆகாது.

நீண்டகாலப் போக்கைக் கணிக்கிறவர்களுக்கு 1979 ஓர் எல்லைக்கல். அதற்கு முன் செய்மதி அவதானிப்பு மிகக் குறைவு; வங்காள விரிகுடாவின் மேல் கப்பல் பதிவுகளும் சொற்பம். 1940 முதல் ஒரே கோடாக மான்-கெண்டல் சோதனை (போக்கு உண்டா என்று பார்க்கும் புள்ளிவிவரச் சோதனை) போட்டு "மழை கூடியிருக்கிறது" என்று எழுதினால், கூடியது மழையா அவதானிப்பா என்று பரிசோதகர் கேட்பார். 1979க்குப் பிறகு தனியே கணித்து, முழுக்காலக் கணிப்பை அருகில் வைத்துக் காட்டுங்கள். 1964 டிசெம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி அந்த எல்லைக்கு முந்தியது என்பதையும் நினைவில் வைத்து அதன் காற்றளவுகளை வாசியுங்கள். 2020 டிசெம்பர் 2 இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரைகடந்த புரெவி நல்ல பயிற்சிக் களம்: கடல்மட்ட அழுத்தத்தை மணிக்கு மணி வரைந்தால் புயலின் பாதை தெளிவாகத் தெரியும். உச்சக் காற்றுக்கு அதே தரவை நம்பவேண்டாம். கட்டம் புயலின் மையத்தைவிடப் பரந்தது.

பெரும்போகம், சிறுபோகம் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் ஈஆர்ஏ5-லாண்டின் மண்ணீரத்தை ஆசையோடு எடுக்கிறார்கள். அந்த மாதிரிக்கு நீர்ப்பாசனம் தெரியாது. கந்தளாய்க் குளத்து நீரும் அல்லைத் திட்டத்து வாய்க்கால்களில் ஓடுகிற மகாவலி நீரும் வயலுக்குப் பாய்வது அதில் இல்லை. மானாவாரி நிலத்துக்குப் பயன்படும், குளத்துக்குக் கீழுள்ள வயலுக்குப் பொருந்தாது. ஆவியாதலுக்கும் அதிலுள்ள "இயலளவு ஆவியாதல்" மாறியை அப்படியே எடுக்காமல், வெப்பநிலை, பனிபடுநிலை, காற்று, கதிர்வீச்சு நான்கையும் இறக்கிப் பென்மன்-மொன்டீத் சமன்பாட்டால் கணியுங்கள். காற்று 10 மீற்றர் உயரத்தில் இருக்கும், 0.748ஆல் பெருக்கி 2 மீற்றருக்குக் கொண்டுவரவேண்டும். கதிர்வீச்சு சதுர மீற்றருக்கு யூலில் இருக்கும். நாள் மொத்தத்தைப் பத்து லட்சத்தால் வகுத்தால் மெகாயூல். வெப்பநிலை கெல்வினில், 273.15 கழியுங்கள்.

எதிர்காலத்துக்கான மாதிரித் தரவுகளும் இதே களஞ்சியத்தில் கிடைக்கின்றன. வரலாற்றுக் காலம் 2014 வரை, காட்சிகள் (எதிர்கால உமிழ்வு இப்படி இருந்தால் என்ற கற்பிதங்கள்) 2015 முதல். தளத்தின் இந்தப் பகுதி மாணவரை எளிதாக ஏமாற்றும் என்பது எங்கள் கருத்து. உலக மாதிரிகளின் பெட்டி 100 கிலோமீற்றரோ அதற்கு மேலோ. இலங்கையின் அகலம் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். சில மாதிரிகளில் தீவே நான்கைந்து பெட்டி. 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதலாகலை அங்கே ஒரு சிறு மேடாகத் தட்டையாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலைநாடு தடுப்பதால்தான் திருகோணமலை மே முதல் செப்டெம்பர் வரை வரண்டு கிடக்கிறது. மலை இல்லாத மாதிரியில் அந்த மழைமறைவும் மங்கும். ஆகவே எந்த மாதிரியையும் எடுக்கமுன் அதன் வரலாற்றுக் காலத்து மாத மழையை வரையுங்கள். நவம்பர், டிசெம்பரில் உச்சமும் யூன், யூலையில் பள்ளமும் இல்லாத மாதிரியை விலக்குங்கள்; எதை ஏன் விலக்கினீர்கள் என்று எழுதுங்கள். பருவ வடிவமே பிழைத்த மாதிரியைப் புள்ளிவிவரத் திருத்தத்தால் நிமிர்த்தினால் வெளித்தோற்றம் மட்டுமே சரியாகும். நாட்காட்டியையும் பாருங்கள்: பிரித்தானிய மாதிரிகளில் வருடத்துக்கு 360 நாள், வேறு பலவற்றில் பெப்ரவரி 29 கிடையாது. சாதாரணத் திகதியாக மாற்றும் நிரல் அங்கே நின்றுவிடும். 0.25 பாகைக்குத் திருத்திய நாட்தரவு போதுமென்றால் நாசாவின் நெக்ஸ் தொகுதி வேலையைச் சுருக்கும்; அது இந்தக் களஞ்சியத்தில் இல்லை, தனியே எடுக்கவேண்டும்.

புறாமலைப் பவளப்பாறை போன்ற கடல்சார் தலைப்புக்கு இங்கே வரவேண்டியதில்லை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்புத் தரவு 5 கிலோமீற்றர் கட்டத்தில் 1985 முதல் நாளாந்தம் கிடைக்கிறது; வெப்ப அழுத்த வாரக் கணக்கும் ஆயத்தமாக இருக்கிறது. 4ஐத் தாண்டினால் வெளிறல், 8ஐத் தாண்டினால் கடும் வெளிறலும் இறப்பும் எதிர்பார்க்கலாம் என்பது அதன் வரம்பு.

ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனால் நேர்மையாக எழுதப்பட்டவை. ஒவ்வொரு தொகுதியின் அறியப்பட்ட குறைகளையும் மையமே பட்டியலிடுகிறது. தரவிறக்கமுன் அந்தப் பக்கத்தை வாசிக்க ஒரு மணி செலவழித்தால் ஒரு மாத வேலை மிஞ்சும்.

நிலையத் தரவுக்குக் கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்திடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தலைப்பை உறுதிசெய்த அன்றே அனுப்புங்கள். களஞ்சியத்தோடு மல்லுக்கட்டி முடிந்த பிறகு அல்ல. மேற்பார்வையாளரின் கடிதத்தை இணையுங்கள். நாளாந்த மழையா மாத மழையா, உச்ச வெப்பநிலையும் தாழ் வெப்பநிலையும் தனித்தனியாகவா, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று பெயர் பெயராக எழுதுங்கள். 1991 முதல் 2020 வரையான முப்பது வருடமும் அதற்குள் வரும்படி கேளுங்கள். உலக வானிலை அமைப்பின் தற்போதைய நியம காலம் அதுதான், ஈஆர்ஏ5இன் பிழையை அளப்பதும் அந்த முப்பது வருடத்தில்தான். நிலையம் இடம்மாறிய வருடங்களும் கருவி மாற்றிய வருடங்களும் தெரிந்தால் அவற்றையும் தரும்படி அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.